கராத்தேச் சண்டையான குமித்தேயில் எவ்வளவு தாழ்ந்து நிற்கலாம்? கைக்காப்பை, அதாவது தற்காப்புக்காக உயர்த்தி வைக்கும் கைகளை, எங்கே வைப்பது?

பரந்தன் மாணவன்:

எல்லோருக்கும் வணக்கம். நான் பரந்தனில் ஷோட்டோகான் கராத்தே பயிலும் உயர்தர வகுப்பு மாணவன். மண்ணிறப் பட்டி பெற்றிருக்கிறேன். அடிப்படைப் பயிற்சியிலும் காட்டா எனும் வரிசை அசைவுப் பயிற்சியிலும் சென்குட்சு தாச்சி எனும் முன்கால் மடிந்த நீண்ட நிலை நன்றாகத் தாழ்ந்திருக்க வேண்டும் என்பதில் எங்கள் மாஸ்டர் மிகவும் கண்டிப்பானவர். முன் முழங்கால் விரல்களுக்கு நேர்மேலே வரும்வரை மடிந்து, பின்கால் நன்கு நீண்டு, இரண்டு குதிக்கால்களும் தரையில் பதிந்திருக்க வேண்டும் என்பார். அதை நான் விரும்பியே செய்கிறேன். மாலையில் வீட்டு முற்றத்திலும் அதே நிலையில் முன்னும் பின்னும் நடந்து பழகுவதுண்டு.

குமித்தேயில்தான் எனக்குக் குழப்பம். நான் உயரம் குறைந்தவன். எதிரில் வருபவர் பெரும்பாலும் என்னைவிட ஒரு தலை உயரமாகவே இருப்பார். தாழ்ந்து நின்றால் அசையாமல் உறுதியாக நிற்கலாம், அவருடைய குத்தும் தலைக்கு மேலால் போய்விடும் என்ற எண்ணத்தில் இறங்கி நிற்கிறேன். ஆனால் அவருடைய முன்கால் மவாஷி கேரி, அதாவது பக்கவாட்டாகச் சுழன்று வரும் உதை, என் காதுப்பக்கமாக வந்து தொட்டுவிடுகிறது. அதைத் தடுக்கக் கையை உயர்த்தினால் விலாவிலோ வயிற்றிலோ குத்து விழுகிறது. சரி, நிமிர்ந்து துள்ளி ஆடலாம் என்று முயன்றால், நிலை தளர்ந்துவிட்டது என்று திருத்தப்படுகிறேன். மாகாண மட்டப் போட்டிக்கு இன்னும் சில வாரங்களே உள்ளன.

குமித்தேயில் உண்மையில் எவ்வளவு தாழ வேண்டும்? கைகளை எந்த உயரத்தில், எவ்வளவு தூரத்தில் வைத்திருக்க வேண்டும்? தாழ்ந்த நிலை சண்டைக்கு உதவாது என்றால், அதை ஏன் இவ்வளவு பாடுபட்டுப் பழகுகிறோம்? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


வவுனியா பயிற்றுநர்:

தம்பி, முதலில் புள்ளிக் கணக்கைப் பாருங்கள். உலகக் கராத்தே சம்மேளன விதிகளின்படி குத்துக்கு 1 புள்ளி, அதாவது யூக்கோ. வயிறு, நெஞ்சு, முதுகு, விலா ஆகிய இடங்களுக்கான உதைக்கு 2 புள்ளிகள், அது வசாரி. தலை, முகம், கழுத்துக்கு வரும் உதைக்கு 3 புள்ளிகள், அது இப்பொன். நீங்கள் ஒரு சாண் தாழ்ந்தால் உங்கள் தலையும் ஒரு சாண் தாழ்கிறது. உங்களைவிட உயரமானவர் இடுப்பை முழுமையாகத் திறந்து, உடலைச் சாய்த்து, தம் சமநிலையைப் பணயம் வைத்து உதைக்க வேண்டிய இப்பொன்னை, வயிற்றுக்கு உதைப்பதைப் போன்ற எளிய உதையாலேயே பெற்றுக்கொள்ளும்படி நீங்கள் தலையைக் கொண்டுபோய்க் கொடுக்கிறீர்கள். அவருடைய குத்து தலைக்கு மேலால் போகும் என்பது சிறிதளவு உண்மைதான். ஆனால் 1 புள்ளியைத் தவிர்ப்பதற்காக 3 புள்ளிகளைத் திறந்துவிடுவது நட்டமான கொடுக்கல்வாங்கல்.

இரண்டாவது விடயம் நகர்வு. நீண்ட சென்குட்சு தாச்சியில் உடற்பாரத்தில் ஏறத்தாழ 60 வீதம் முன்காலிலும் 40 வீதம் பின்காலிலும் இருக்கும். அந்த நிலையிலிருந்து முன்காலைத் தூக்க வேண்டுமானால் அந்தப் பாரத்தை முதலில் பின்காலுக்கு மாற்றியாக வேண்டும். அப்போது இடுப்பு பின்னால் போகும், தோள் சற்று உயரும். நன்கு பழகிய எதிராளி உங்கள் காலைப் பார்ப்பதில்லை. அந்தத் தோளைத்தான் பார்க்கிறார். நீங்கள் புறப்படுவதற்கு முன்னரே புறப்படப்போவதை அறிந்துகொள்கிறார். பின் குதிக்கால் தரையில் ஒட்டியிருப்பதால் பின்வாங்குவதும் தாமதமாகிறது. காலடி குறுகியதாகவும், முழங்கால்கள் இரண்டும் இளகியும், பின் குதிக்கால் ஒரு விரற்கடை உயர்ந்தும், பாரம் ஏறத்தாழச் சரிபாதியாகவும் இருந்தால் இந்த முன்னறிவிப்பு குறைந்துவிடும். ஈரமான வயல் வரம்பில் நடப்பவருடைய முழங்காலைக் கவனித்தால் நான் சொல்லும் இளக்கம் புரியும்: கால் விறைப்பாகவும் இராது, குந்தியும் இராது, எந்தப் பக்கம் வழுக்கினாலும் அடுத்த அடியை வைக்க ஆயத்தமாக இருக்கும்.

அப்படியானால் தாழ்ந்த நிலை எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்கு வரலாற்றையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஒக்கினாவாவிலிருந்து 1922 இல் தோக்கியோவுக்குக் கராத்தேயைக் கொண்டுசென்ற ஃபுனாகோஷி கிச்சினின் சொந்த நிலைகள் இன்று ஷோட்டோகானில் நாம் காண்பவற்றைவிட உயரமானவை. பிற்காலத்தில் அவருடைய மகன் யோஷிதாக்காவின் செல்வாக்கில்தான் நிலைகள் நீண்டு தாழ்ந்தன. கிச்சின் வகுத்த 20 நெறிகளில் ஒன்று, நிலைகள் தொடக்கத்தில் பயில்வோருக்கு உரியவை, பின்னர் இயல்பான நிற்றலே போதும் என்ற பொருளில் அமைந்தது. ஆகவே உங்கள் மாஸ்டர் தாழ்ந்து நிற்கச் சொல்வதற்கும், நான் குமித்தேயில் நிமிரச் சொல்வதற்கும் இடையில் பகை எதுவும் இல்லை. அவர் உங்கள் தொடையையும் இடுப்பையும் கட்டுகிறார். அந்த வலிமை இல்லாதவர் நிமிர்ந்து ஆடினால் அது வெறும் துள்ளலாகவே முடியும்.

குமித்தேயிலும் தாழ்ந்த நிலைக்கு இடமுண்டு. நீங்கள் முன்னால் பாய்ந்து கியாகு சுக்கியை, அதாவது பின்கைக் குத்தை, வயிற்றுக்கு விடும் கணத்தை நினைத்துப் பாருங்கள். முன்கால் நீண்டு விழுகிறது, பின் இடுப்பு முன்னுக்குத் திரும்புகிறது, தலை எதிராளியின் முன்கைக் குத்துக்குக் கீழே போய்விடுகிறது. அந்தக் கணத்தில் உங்களைப் படம் எடுத்தால் அது அச்சொட்டாகச் சென்குட்சு தாச்சியாகத்தான் இருக்கும். உயரம் குறைந்தவருக்கு இதைவிடச் சிறந்த ஆயுதம் இல்லை. அவ்வாறே அஷி பராய் போட்டு எதிராளியின் காலை வாரும்போதும், விழுந்தவர்மீது உடனே குத்தி 3 புள்ளிகள் எடுக்கும்போதும், தாழாமல் எதுவும் நடக்காது. சண்டைக்குள் தாழ்ந்த நிலைக்குள் போகிறோம், உடனே வெளியே வருகிறோம். அங்கேயே நின்றுகொண்டு எதிராளிக்காகக் காத்திருப்பதுதான் உங்களுக்கு அடிவாங்கித் தருகிறது. அடித்த பின்னர் தலையை நேர்க்கோட்டில் பின்னால் இழுக்காமல், பக்கவாட்டாக ஒரு சாய்கோணத்தில் எழுந்து விலகுங்கள். நேரே பின்வாங்குபவரைத்தான் மவாஷி கேரி தேடிவரும்.

கைக்காப்பைப் பற்றி இரண்டொரு வார்த்தைகள். அடிப்படைப் பயிற்சியில் குத்தாத கையை இடுப்புக்கு இழுக்கிறோம். குமித்தேயில் அந்தப் பழக்கம் தன்னையறியாமலே வந்துவிடும், தாழ்ந்து நிற்கும்போது இன்னும் அதிகமாக வரும், ஏனென்றால் உடலுக்கு அந்த இரண்டும் ஒன்றாகவே பழகியிருக்கின்றன. உங்களை யாரையாவது கைபேசியில் படம்பிடிக்கச் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் குத்திய கணத்தில் மற்றக் கை இடுப்பில் இருக்கும். முன்கை உங்கள் தோளின் உயரத்தில், முழங்கை சிறிது மடிந்து, எதிராளியை நோக்கி நீண்டிருக்கட்டும். அது தடுப்பதோடு தூரத்தையும் அளக்கும். பின்கையின் முட்டி நாடிக்கும் நெஞ்சுக்குழிக்கும் இடையில், அதன் முழங்கை விலாவை ஒட்டி இருக்கட்டும். வயிற்றுக்கு வரும் உதையை அந்த முழங்கை பார்த்துக்கொள்ளும். தலைக்கு வருவதற்கு முன்கையை ஒரு சாண் உயர்த்தினால் போதும். நீங்கள் இப்போது இரண்டு கைகளையும் சேர்த்து உயர்த்துவதால்தான் வயிறு திறந்துபோகிறது என்று நினைக்கிறேன்.


முள்ளியவளை சிலம்படி:

வணக்கம். கராத்தே விதிகள் பற்றி மேலே எழுதிய ஐயா விளக்கிவிட்டார். நான் கம்பு பிடிப்பவன் என்ற முறையில் ஒரு விடயத்தை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். எது தாழ்ந்த நிலை, எது ஆபத்தான நிலை என்பதை எதிராளி எதை அடிக்கலாம் என்பதுதான் தீர்மானிக்கிறது. உங்கள் குமித்தேயில் காலை வாரலாம், ஆனால் காலில் அடித்தால் புள்ளி இல்லை. அதனால் முன்காலை நீட்டி வைத்துக்கொண்டு நிற்க முடிகிறது. கம்புச் சண்டையில் அப்படி நின்றால் எதிராளியின் கம்பு முதலில் சேரும் இடம் அந்த முழங்காலாகத்தான் இருக்கும். ஆகவே நாங்கள் காலடியைப் பழகும்போது, தாழ்ந்து இறங்கும் அதே அசைவுக்குள் முன்காலைப் பின்னுக்கு எடுப்பதையும் சேர்த்தே பழகுகிறோம். ஆழமாக இறங்குவது வீச்சைக் கீழே கொண்டுபோகவோ, மேலால் வரும் அடியின்கீழ் நுழையவோ தான். வேலை முடிந்ததும் கால் மாறிவிடும்.

தாய்லாந்தின் முவே தாய் வீரர்களைப் பார்த்தாலும் இது விளங்கும். அங்கே தொடையில் உதைப்பது அனுமதிக்கப்பட்டது. முன்காலில் பாரத்தை அழுத்தி நிற்பவரால் அந்தக் காலைத் தூக்கி உதையைக் கணைக்காலில் ஏற்க முடியாது. அதனால் அவர்கள் நிமிர்ந்து, முன்காலைப் பாரமின்றி வைத்து நிற்கிறார்கள். கியோகுஷின் கராத்தேயிலும் தொடை உதை உண்டு, ஆனால் முகத்தில் கையால் குத்துவதில்லை. அதனால் அங்கே கைகள் நிற்கும் உயரம் குத்துச்சண்டை வீரர்களுடையதைப் போல இருப்பதில்லை. ஒரு கலையின் நிற்றலைப் பார்த்து இன்னொரு கலையில் அப்படியே வைத்தால் அது பொருந்தாது. தம்பி, இணையத்தில் காணொளிகளைப் பார்த்துக் கைக்காப்பைப் பழகுவதாக இருந்தால், முதலில் அவர்கள் எந்த விதியின்கீழ் ஆடுகிறார்கள் என்பதை அறிந்துகொண்டு பாருங்கள்.


பரந்தன் மாணவன்:

ஐயாவுக்கும் அண்ணாவுக்கும் மிக்க நன்றி. கைபேசியில் படம்பிடித்துப் பார்த்தேன். ஐயா சொன்னபடியே குத்தும் ஒவ்வொரு தடவையும் என் இடக்கை இடுப்புக்குப் போகிறது. இன்னொன்றும் தெரிந்தது: நான் தாழும்போது முழங்கால் மடிவதைவிட நாரியே அதிகமாக வளைகிறது, தலை முன்னுக்கு நீட்டிக்கொண்டு நிற்கிறது. நிமிர்ந்து நின்று தேவையான கணத்தில் மட்டும் தாழ்வது என்பது எனக்கு விளங்குகிறது. ஆனால் நிமிர்ந்து நிற்கும்போது சில நிமிடங்களிலேயே தோள் களைத்துக் கைகள் தாமாகக் கீழே இறங்கிவிடுகின்றன. வலது முழங்காலிலும் சில நாட்களாக, சில்லுக்குக் கீழே, ஒரு வலி இருக்கிறது. அதைப் பெரிதாக எடுக்காமல் பயிற்சியைத் தொடரலாமா?


முல்லைத்தீவு அக்கா:

தம்பி, முழங்கால் வலியைப் பெரிதாகவே எடுங்கள். நான் பெண்பிள்ளைகளுக்குக் கராத்தே பழக்குகிறேன். வளரும் வயதில் இந்த இடத்து வலியுடன் வரும் பிள்ளைகளைத் தொடர்ந்து காண்கிறேன். சில்லுக்குக் கீழே கணைக்கால் எலும்பில் விரலால் தொட்டால் உணரக்கூடிய ஒரு மேடு இருக்கும். தொடைத் தசையின் இழுப்பு முழுவதும் அந்த இடத்தில்தான் போய் முடிகிறது. எலும்பு இன்னும் முற்றாத வயதில், துள்ளலும் ஆழமாக மடிவதும் மிஞ்சினால் அந்த இடம் நொந்து வீங்கும். மருத்துவர்கள் இதனை ஒஸ்குட் ஷ்லாட்டர் என்று அழைப்பார்கள். உங்களுக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை. அதை மருத்துவர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். மாவட்ட வைத்தியசாலைக்குப் போய்க் காட்டுங்கள். காட்டும்வரை ஆழமான நிலையில் நடப்பதையும் சீமெந்தில் துள்ளுவதையும் நிறுத்திவையுங்கள். மாஸ்டரிடம் மறைக்க வேண்டாம். தங்கள் முழங்காலில் பழைய காயத்தோடு, சிலர் உள்ளே இன்னும் சன்னத்துண்டுகளோடு, பயிற்சிக்கு வரும் பெரியவர்கள் எங்கள் பகுதியில் இருக்கிறார்கள். அவர்களை ஆழமாக இறங்கு என்று எந்த நல்ல ஆசிரியரும் வற்புறுத்துவதில்லை. மாணவனுக்கும் அதே மரியாதை உண்டு.

வலி இல்லாத காலத்துக்கும் ஒரு விடயம் சொல்கிறேன். தாழும்போது முழங்கால் எந்தப் பக்கம் போகிறது என்று குனிந்து பாருங்கள். அது பெருவிரலைத் தாண்டி உட்பக்கம் சரிந்தால் அந்த நிலை எவ்வளவு ஆழமாக இருந்தாலும் பயனில்லை. முழங்காலின் உட்புறம்தான் அதன் விலையைக் கொடுக்கும். முழங்கால் இரண்டாவது விரலின் திசையிலேயே மடிய வேண்டும். அவ்வாறு மடியக்கூடிய ஆழம் எதுவோ, அதுதான் இன்றைக்கு உங்களுக்கு உரிய ஆழம். குதிரையேறியவர்போல் கால்களை அகட்டித் தாழ்ந்து நிற்கும் கிபா தாச்சியிலும் இதே அளவுகோல்தான். நாரி வளைவதாக எழுதியிருக்கிறீர்கள். இடுப்பு மூட்டும் கணுக்காலும் இறுகியிருப்பவர் முழங்காலால் தாழ முடியாமல் நாரியால் தாழ்வது வழக்கம். கணுக்காலை இளக்கும் பயிற்சியைச் சேர்த்துக்கொண்டால் தலை தானாகப் பின்னுக்கு வரும்.

தரையைப் பற்றியும் ஒருவரும் எழுதவில்லை. எங்கள் பிள்ளைகள் கடற்கரை மணலில் பழகுகிறார்கள். மணலில் கால் புதைவதால் தொடைக்கு நல்ல வேலை. ஆனால் அங்கே அகலமாகத் தாழ்ந்து நிற்பது இயல்பாக வந்துவிடும், ஏனெனில் மணல் காலைப் பிடித்துக்கொள்கிறது. போட்டி நடப்பது 8 மீற்றர் சதுரமான மெத்தை விரிப்பின் மேல். அதில் வெறுங்கால் வழுக்காமல் ஒட்டும். மணலில் செய்த அதே திருப்பத்தை அங்கே செய்தால் பாதம் நின்றுவிடும், முழங்கால் மட்டும் திரும்பும். குதிக்கால் சிறிது உயர்ந்திருக்க வேண்டும் என்று ஐயா சொன்னதற்கு எனக்கு இதுவே முதற்காரணம். முற்றத்து மண்ணில் பழகும் உங்களுக்கும் இது பொருந்தும்.

தோள் களைப்பைப் பற்றி ஐயாவோடு சற்று மாறுபடுகிறேன். முன்கையை எப்போதும் தோள் உயரத்தில் நீட்டியே வைத்திருக்க வேண்டியதில்லை. எதிராளி உதைக்கக்கூடிய தூரத்துக்கு வெளியே நிற்கும்போது கையைத் தளர்த்தி, மார்பளவுக்கு இறக்கி, தோளுக்கு ஓய்வு கொடுக்கலாம். அவருடைய கால் எட்டும் கோட்டுக்குள் நீங்கள் அடியெடுத்து வைக்கும் அதே கணத்தில் கை உயர வேண்டும். ஆட்டம் முழுவதும் உயர்த்தியே வைத்திருப்பவரின் கை கடைசி நிமிடத்தில் கனத்துவிடும். பல ஆட்டங்கள் அந்த நிமிடத்தில்தான் கைமாறுகின்றன. எங்கள் பிள்ளைகளுக்கு எதிராளியின் கால் எட்டும் தூரத்தைத் தரையில் சுண்ணாம்பால் கோடு போட்டுக் காட்டி, கோட்டைத் தாண்டும்போதெல்லாம் கையை உயர்த்தப் பழக்குகிறேன். உயரமானவரோடு பழகும்போது கோட்டைச் சற்றுத் தள்ளிப் போட வேண்டும்.


வவுனியா பயிற்றுநர்:

முல்லைத்தீவு ஆசிரியை சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். தூரத்துக்கு வெளியே கை ஓய்வெடுக்கலாம். ஆனால் தம்பியைப் போல உயரம் குறைந்தவருக்கு அந்தத் தூரம் ஏமாற்றும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தம் கை எட்டாத இடத்தில் நிற்பதால் பாதுகாப்பாக நிற்பதாக அவர் எண்ணுவார். உயரமானவரின் கால் அங்கேயும் எட்டும். ஆகவே எல்லையைத் தம் கையால் அளக்காமல் எதிராளியின் காலால் அளக்கப் பழக வேண்டும். சுண்ணாம்புக் கோடு அதற்கு நல்ல வழி. தோழன் ஒருவரை நின்ற இடத்திலிருந்து முன்கால் மவாஷி கேரி போடச் செய்து, அவருடைய பாதம் எட்டும் இடத்தில் கோட்டைப் போடுங்கள்.

முழங்கால் ஆறி, மருத்துவர் அனுமதித்த பின்னர் இரண்டு பயிற்சிகளைச் செய்யலாம். விறாந்தையின் இரண்டு தூண்களுக்கு இடையே உங்கள் புருவத்தின் உயரத்தில் ஒரு கயிற்றைக் கட்டுங்கள். சண்டை நிலையில் கயிற்றின் கீழால் ஒருபக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நுழைந்து எழுங்கள். கயிறு தலையில் படக்கூடாது, நாரி வளையக்கூடாது, நுழையும்போது கைகள் இரண்டும் முகத்தை விட்டு விலகக்கூடாது. இடுப்பு மூட்டிலும் முழங்காலிலும் தாழ்ந்தால் மட்டுமே இது கைகூடும். சில நாட்கள் சென்றபின், கயிற்றைக் கடந்து எழும் கணத்தில் கியாகு சுக்கியைச் சேர்த்துக்கொள்ளலாம்.

மற்றது, இருவர் எதிரெதிரே நின்று, குத்தோ உதையோ இல்லாமல், திறந்த கையால் மற்றவரின் முன் முழங்காலையும் தோளையும் தொட முயல்வது. முழங்காலைத் தொடத் தாழ வேண்டும். தாழும்போது உங்கள் தோள் திறந்துபோகும். தொட்டுவிட்டு அங்கேயே நின்றால் அவர் உங்களைத் தொட்டுவிடுவார். இதைத் தடுப்பு அணியாமலே ஆடலாம், சிறுவர்களோடும் ஆடலாம். குத்தாத கை எங்கே இருக்க வேண்டும் என்பதை நான் இங்கே எழுதியதைவிட இது விரைவாகப் பழக்கிவிடும்.

வகுப்பில் மாஸ்டர் நிலையைத் திருத்தினால் அவர் சொன்னபடியே தாழுங்கள், மருத்துவர் விதிக்கும் எல்லைக்குள். குமித்தே நேரத்தில் நிமிர்ந்து ஆடிப் பார்க்கலாமா என்று அவரிடமே நேரில் கேளுங்கள், படம்பிடித்ததையும் காட்டுங்கள். காதுப்பக்கம் உதை வந்து சேரும் அந்தக் காட்சியைப் பார்த்தால் அவரே கோணத்தைச் சொல்லித்தருவார். போட்டிக்கு முன்னர் ஒரு தடவையாவது மெத்தை விரிப்பில் ஆடிப் பழக முடிந்தால், காலுறை எதுவும் இல்லாமல் வெறுங்காலோடு, போட்டியில் அணியும் கால் தடுப்பையே அணிந்து ஆடுங்கள். தடுப்பு அணிந்த பாதம் திரும்பும் விதமே வேறு.


பரந்தன் மாணவன்:

நன்றி ஐயா, நன்றி அக்கா. திங்கட்கிழமை கிளிநொச்சி வைத்தியசாலைக்கு அம்மாவோடு போகிறேன். காணொளியை மாஸ்டரிடம் காட்டினேன். முழங்கால் சரியாகும்வரை கைக்காப்பை மட்டும் நின்ற இடத்தில் பழகு என்று சொன்னார். முற்றத்தில் கோடு போட்டாயிற்று. எங்கள் வகுப்பில் உயரமான அண்ணா ஒருவரின் கால் எட்டிய இடம் நான் நினைத்திருந்ததைவிட ஒன்றரை அடி இப்பாலே இருக்கிறது.